நெத்திலி குஞ்சல்ல

இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தாள் நடத்துகிறவன் நான். அந்தத் தாளில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சொல் என் தூக்கத்தைக் கெடுத்துவிடும். இவ்வாண்டு அந்தப் பெருமை ஒரு மீனுக்குப் போயிற்று. இலண்டன் நகரத்தின் பழைய உணவு விடுதிகளைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தேன். தேம்ஸ் நதிக்கரையில் கிரீனிச் என்ற இடத்தில் மக்கள் கூடி 'ஒயிட்பெயிட்' என்னும் மீன் வறுவலை உண்டு களித்த செய்தி அதில் வருகிறது. இந்தச் சொல்லுக்கு மாணவர்கள் மூன்று வகையாக விடை எழுதியிருந்தார்கள். சிலர் சொல்லை இரண்டாகப் பிளந்து 'வெள்ளை இரை' என்றார்கள். ஒரே ஒரு மாணவர் 'வெண்மீன் குஞ்சு' என்றார். பெரும்பாலோர் 'நெத்திலி' என்று எழுதினார்கள். நான் சிறிதும் தயங்காமல் நெத்திலிக்கு முழு மதிப்பெண் கொடுத்து, மற்ற இரண்டையும் அடித்துவிட்டேன்.

மறுநாள் 'வெண்மீன் குஞ்சு' என்று எழுதிய மாணவர் அகராதியோடு வந்து நின்றார். "ஐயா, இளம் மீன்கள் என்றுதானே இதில் போட்டிருக்கிறது? அப்படியானால் நெத்திலி என்பது குஞ்சா? அது வளர்ந்தால் என்ன மீனாகும்?" என்று கேட்டார். அவருக்கு உடனே சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். ஆசிரியர்களின் 'நாளை' எத்தகையது என்பது நண்பர்களுக்குத் தெரியும். இந்த முறை அந்த நாளை ஒரு மாதமாக நீண்டுவிட்டது. அந்த ஒரு மாதத்தில் எனக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இதே கேள்வியை நானே சிறுவயதில் கேட்டிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற ஊர் அது. தானியமும் வெல்லமும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக இறங்கும் வணிகத் தெருக்களும், வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகளும் நிறைந்த இடம். கடலூர் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஆகவே எங்கள் தலைமுறைக்குக் கடல் என்பது முதலில் ஒரு மணமாகத்தான் அறிமுகமாயிற்று. கருவாட்டுக் கடையின் மணம் அது. மேட்டூர் அணையிலிருந்து வரும் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் எங்களுக்கு 'மீன்'. கடலிலிருந்து வந்தது பெரும்பாலும் கருவாடு. அந்தக் கருவாடுகளுள் அடிக்கடி வீட்டுக்கு வந்தது நெத்திலி.

அம்மா அதைச் சுடுநீரில் ஊறவைத்து, தலையைக் கிள்ளி எறிந்து, கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைப்பார். ராகிக்களிக்கு அதைவிடப் பொருத்தமான துணை உலகத்தில் இல்லை என்பது இன்றும் என் துணிபு. தலை கிள்ளும் வேலை சில நாள் என்னிடம் வரும். அப்போதுதான், "அம்மா, இது பெரிசானா என்ன மீனாகும்?" என்று கேட்டேன். "நெத்திலி பெரிசானா நெத்திலிதான் ஆகும். வேறென்ன ஆகும்? பேசாம கிள்ளு" என்றார் அம்மா. மாணவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை அதுவே. அதற்குள் ஒரு பெரிய விவகாரம் அடங்கியிருக்கிறது என்பதுதான் அன்றைக்குத் தெரியாமற் போயிற்று.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். ஒயிட்பெயிட் என்பது ஒரு மீனின் பெயரன்று. ஒரு தின்பண்டத்தின் பெயர். ஹெர்ரிங், ஸ்ப்ராட் போன்ற மீன்களின் குஞ்சுகளை விரல் நீளம்கூட வளராத பருவத்தில் பிடித்து, குடல் நீக்காமல், தலையும் வாலும் முள்ளுமாக மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுத்தால் அது ஒயிட்பெயிட். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அமைச்சர்கள் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிகிற சமயத்தில் ஆண்டுதோறும் கிரீனிச்சுக்குச் சென்று இதை விருந்தாக உண்பது ஒரு மரபாகவே இருந்தது.

இதில் சுவையான பகுதி ஒன்று உண்டு. இந்த மீன் எதனுடைய குஞ்சு என்று அறிஞர்களுக்கே நெடுங்காலம் தெளிவில்லை. வில்லியம் யாரெல் என்ற ஆங்கில இயற்கையியலாளர் இது குஞ்சே அன்று, தனி ஓர் இனம் என்றார். பிரெஞ்சு அறிஞர் வலன்சியென் ஒரு படி மேலே சென்று இதற்கென்று ஒரு தனிப் பேரினமே வகுத்தார். பின்னர் ஆல்பர்ட் குந்தர் போன்றோர் ஆராய்ந்து, இது ஹெர்ரிங் குடும்பத்துக் குஞ்சுதான் என்று நிறுவினார்கள். ஒரு சமையல் பெயர் கற்றறிந்தோரையும் ஏமாற்றியிருக்கிறது. தட்டில் வைத்ததற்கு ஒரு பெயர் இருந்தால் உலகத்திலும் அப்படி ஒரு பொருள் தனியாக இருக்கத்தான் வேண்டும் என்று மனம் நம்பிவிடுகிறது.

அதே சொல் கப்பலேறி நியூசிலாந்துக்குப் போனபோது வேறு மீனைக் குறித்தது. அங்கே ஒயிட்பெயிட் என்பது கடலில் வளர்ந்துவிட்டு ஆற்றுக்குத் திரும்பும் சில நன்னீர் மீனினங்களின் குஞ்சு. மவோரி மக்கள் 'இனங்கா' என்று பெயரிட்டு அழைக்கும் மீனும் அவற்றுள் ஒன்று. அவற்றுட் சில இனங்கள் இன்று அருகி வருகின்றன என்பதால் செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரு மாதங்களில் மட்டுமே அவற்றைப் பிடிக்க அங்கே அனுமதி. ஜப்பானியர் தங்கள் கடலின் மீன்குஞ்சுகளை 'ஷிராசு' என்கிறார்கள். தென் இத்தாலியில் இதே வகை உணவுக்கு 'நியோனாதா' என்று பெயர். அதன் பொருள் 'இப்போதுதான் பிறந்தது' என்பதாகும். அந்த ஒரு பெயர்தான் ஒளிவு மறைவில்லாத பெயர் என்று எனக்குத் தோன்றியது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இனி இந்தச் சொல் இந்தியாவுக்கு வந்த கதை. ஆங்கிலேயர் நம் கடற்கரையில் சிறிய, வெண்மையான, பளபளக்கும் மீன்கூட்டத்தைக் கண்டார்கள். தங்கள் ஊர்த் தட்டில் கண்ட பண்டம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இன்றும் இந்தியாவின் மீன்வள அறிக்கைகளில் ஒயிட்பெயிட் என்றால் நெத்திலிதான். 1947இல் தொடங்கப்பட்டுப் பின்னர் கொச்சிக்கு இடம்பெயர்ந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளைப் புரட்டினால், 'ஸ்டோலெபோரஸ்' முதலான பேரினங்களைச் சேர்ந்த நெத்திலி வகைகளெல்லாம் இந்தத் தலைப்பின் கீழ் எண்ணப்பட்டிருப்பதைக் காணலாம். ஆக, என் மாணவர்களுள் பெரும்பாலோர் எழுதிய விடைக்கு அரசாங்க அறிக்கைகளின் ஆதரவு இருக்கிறது. அவர்கள் செய்தது தவறு என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் நெத்திலி குஞ்சல்ல. அதுவே சிக்கல்.

நெத்திலி என்பது வளர்ந்து, பருவமடைந்து, சினை வைத்து, முட்டையிட்டு வாழும் ஒரு முழு மீன். உடலின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு வெள்ளிப்பட்டை ஓடும். ஸ்டோலெபோரஸ் என்ற கிரேக்கப் பெயரே மேலாடை தரித்தது என்ற பொருளில் அந்தப் பட்டையைக் கருதி வைக்கப்பட்டது. அதன் வாழ்நாள் குறுகியது. விரல் நீளத்துக்குள்ளேயே அது பருவத்துக்கு வந்து, ஓராண்டுக்குள் இனம் பெருக்கத் தொடங்கிவிடுகிறது. அதன் சிறுமை அதன் இயல்பு. வயதின் குறைவால் வந்ததன்று. குள்ளமான மனிதரைக் குழந்தை என்று அழைப்பது எவ்வளவு பொருந்துமோ அவ்வளவே பொருந்தும் நெத்திலியைக் குஞ்சு என்பது.

நம் மீனவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்தே அதற்கு ஒரு தனிப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எத்தனை கரைகளில் எத்தனை வடிவில் வழங்குகிறது பாருங்கள்! தமிழகத்தில் நெத்திலி, நெத்தலி, நெத்தோலி. யாழ்ப்பாணத்தில் நெத்தலி. மலையாளத்தில் நத்தோலி, அம்மொழியில் 2013இல் வந்த ஒரு திரைப்படத்துக்கு 'நத்தோலி ஒரு சின்ன மீனல்ல' என்றே பெயர். மலேசியாவில் 'நாசி லெமாக்' என்ற தேங்காய்ப்பால் சோற்றின் மீது மலாய்க்காரர் 'இக்கான் பிலிஸ்' என்று சொல்லித் தூவும் அதே பொரித்த மீனை, பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் தமிழர் நெத்திலி என்றுதான் சொல்வார். தோட்டத் தொழிலுக்குக் கப்பலேறியவர்கள் கையோடு கொண்டுபோன சொற்களுள் இதுவும் ஒன்று.

சிறிய உருவத்தோடு முழு வளர்ச்சி பெற்ற உயிர்களுக்குத் தனிப்பெயர் வைத்துப் போற்றுவது தமிழின் நெடுநாள் வழக்கம். அயிரையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கத்துக் குழம்பில் உயிரோடு துள்ளி வந்து விழும் அந்த மீன் சில அங்குலத்துக்கு மேல் வளர்வதில்லை. குறுந்தொகையின் 128ஆம் பாடலில் பரணர் காட்டும் முதிய நாரை ஒன்று, தொலைவிலுள்ள தொண்டித் துறையின் அயிரைக்காகக் கழுத்தை நீட்டி ஏங்குகிறது. எட்டாத காதலுக்கு உவமையாக வருகிற மீன் அவ்வளவு சிறியது! 'சிறிய ஏதோ ஒரு மீன்' என்று புலவர் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அயிரை என்று பெயர் சொன்னார். பெயர் சொன்னதால்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாரை எதற்கு ஏங்கியது என்று நமக்குத் தெரிகிறது. அதே போல, எங்கள் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் படியால் அளந்து தரும் கூனி, இறாலின் குஞ்சு என்றே பலரும் நினைத்திருக்கிறோம். அதுவும் வளர்ந்த உயிர்தான். இறாலுக்கு உறவான வேறொரு சாதி. பிள்ளை பெற்ற தாய்மார்க்குப் பால் சுரக்கக் கொடுக்கும் பால்சுறாவும் பால்குடி மாறாத சுறா அன்று. அளவாக வளரும் தனிச்சுறா வகை.

ஆகவே என் முதல் முடிவு இது. நெத்திலி ஓர் இனத்தின் பெயர். ஒயிட்பெயிட் ஒரு வயதின் பெயர், ஒரு வறுவலின் பெயர். ஒன்றை மற்றொன்றால் பெயர்க்கும்போது ஒரு முழு மீனைக் குழந்தையாக்குகிறோம். அல்லது குழந்தைகளை முழு மீனாக்கிவிடுகிறோம். பின்னதே பெருந்தவறு. கிரீனிச் விடுதியில் அமைச்சர்கள் உண்டது வளராத குஞ்சுகளை என்ற செய்தி 'நெத்திலி வறுவல்' என்று எழுதிய கணத்தில் மறைந்து போகிறது.

சொல்லைப் பிளந்து 'வெள்ளை இரை' என்றவர்களுக்கும் ஒரு சொல். பெயர்களைப் பிளந்து பொருள் காண்பது எப்போதும் ஆபத்து. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' நாவலைச் சுந்தர ராமசாமி தமிழுக்குத் தந்தார். அந்தத் தலைப்பைக் கண்டு சிவந்த மீன் ஒன்றைக் கற்பனை செய்துகொண்ட தமிழ் வாசகர் எத்தனையோ பேர். நானும் அவர்களுள் ஒருவன். மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால். கடைத்தெருவில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும்.

கடைத்தெருவில் கேட்பது என்று சொன்னேன் அல்லவா? மாணவரின் கேள்விக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே ஒரு சாக்கில் பல வகையும் கலந்த சின்னஞ்சிறு கருவாடு குவிந்திருந்தது. "இது என்ன மீனுங்கம்மா?" என்று கேட்டேன். "பொடிமீனுங்க சார். எல்லாம் கலந்தது. விலை சல்லிசு" என்றார் கடைக்கார அம்மா. ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். சில காரல், அவை இயல்பிலேயே சிறியவை. ஒன்றிரண்டு நெத்திலி. மற்றவற்றை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "இதெல்லாம்?" என்றேன். அவர் விரலால் விலக்கி, "இது சங்கரா, இது வாளை, இது பாறை. எல்லாம் குட்டிங்க சார். வலையில சேர்ந்து வந்துடும்" என்றார்.

குட்டி என்ற சொல்லை அவர்தான் சொன்னார். ஆனால் சாக்கின் பெயர் பொடிமீன். கேட்டால் மட்டுமே குட்டி, கேட்காதவரைக்கும் பொடி. பொடி என்பது அளவைச் சொல்லும் சொல். அது வயதைச் சொல்வதில்லை. தன் உடலளவில் நிறைவடைந்துவிட்ட காரலும், இன்னும் இரண்டாண்டு வளர்ந்திருக்க வேண்டிய பாறைக்குஞ்சும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகிவிடுகின்றன.

இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்றும் இருக்கிறது. இழுவலைப் படகுகளில் வரும் மீன்களுள் விற்பனைக்கு ஆகாத சிறியவற்றை இராமேசுவரம் பக்கத்தில் 'சங்காயம்' என்கிறார்கள். மீனுக்கு உரிய மரியாதை அதற்கு இல்லை. மணலிலும் தரையிலும் கொட்டி உலர்த்தி, அரைத்துத் தூளாக்குவார்கள். அந்தத் தூள் எங்கே போகிறது? வேறெங்குமில்லை, எங்கள் பக்கத்துக்கே வருகிறது. நாமக்கல் வட்டாரத்துக் கோழித் தீவனத்தில் சோளம், சோயா ஆகியவற்றோடு கருவாட்டுத் தூளும் சேர்வதுண்டு என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததே. தீவன ஆலை இருக்கும் சாலையில் பேருந்து செல்லும்போது சன்னலோர இருக்கை அதைச் சொல்லிவிடும். நாமக்கல்லில் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சை எவ்வளவு பக்குவமாகப் பெட்டியில் அடுக்கி, வெப்பம் பார்த்து, எண்ணி எண்ணி அனுப்புகிறார்கள்! அதைக் 'குஞ்சு' என்றுதான் சொல்கிறார்கள், கணக்கும் அப்படியே எழுதுகிறார்கள். கடலின் குஞ்சு நாமக்கல்லின் குஞ்சுக்கு இரையாகிறது. ஒன்றுக்குக் குஞ்சு என்று பெயர். மற்றொன்றுக்குச் சங்காயம் என்று பெயர். பெயரில் உள்ள வேறுபாடுதான் நடத்துவதிலும் இருக்கிறது.

மீன்குஞ்சுக்குத் தமிழில் சொல்லே இல்லையா என்று கேட்கலாம். இந்தக் கேள்வி என்னைத் தொல்காப்பியத்துக்கு அனுப்பியது. மரபியலில் இளமைப்பெயர்கள் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. பறப்பனவற்றுக்கும் தவழ்வனவற்றுக்கும், நாய்க்கும் பன்றிக்கும், யானைக்கும் குரங்குக்கும் எது எது உரியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார் ஆசிரியர். ஐங்குறுநூற்றில் முதலையின் குட்டியும் ஆமையின் குட்டியும்கூடப் 'பார்ப்பு' என்ற பெயர் பெறுகின்றன. ஆண்பாற் பெயரைச் சொல்லும் இடத்தில் கடலிலுள்ள சுறாவை நினைவில் வைத்து, அதற்கு 'ஏறு' என்ற பெயரைத் தருகிறது மரபியல். ஆனால் மீனின் இளமைக்கென்று ஒரு பெயரை எடுத்து ஒதுக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலத்தில் வளர்ப்பு உயிர்களின் இளமையை மனிதன் நாள்தோறும் கண்டான். நீருக்குள் நிகழும் இளமையைக் கண்டவர் வலைஞர் மட்டுமே. பெயர் கண்ணில் படுவதற்குத்தான் வாய்க்கும்.

பேச்சு வழக்கு அந்த இடைவெளியை நிரப்பியிருக்கிறது. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்பது ஊரறிந்த பழமொழி. எங்கள் ஏரிகளில் விரால் மீன் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்து அழைத்துச் செல்வதைக் கண்டால், அதன் பக்கம் தூண்டில் போடக் கூடாது என்று என் தாத்தா சொல்வார். குஞ்சு என்ற சொல் இருந்ததால் அந்த விலக்கும் இருந்தது. இன்று அரசின் மீன் விதைப் பண்ணைகளில் இன்னும் நுட்பமான சொற்கள் வழங்குகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்தவுடன் நுண்மீன் குஞ்சு. சற்றே வளர்ந்தால் இளம் மீன்குஞ்சு. விரல் நீளம் எட்டினால் விரலி. எவ்வளவு அழகான சொல் விரலி! மேட்டூருக்கும் ஏரிகளுக்கும் விடும் மீனுக்கு இந்தச் சொற்கள் இருக்கின்றன. காரணம் எளிது. அங்கே குஞ்சை விலை கொடுத்து வாங்கி விடுகிறோம். அதனால் அதன் வயது நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. கடல் இலவசமாகத் தருகிறது; அதனால் பொடி என்றும் சங்காயம் என்றும் சொல்லிவிட்டுப் போக முடிகிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளையும் நான் எண்ணிப் பார்த்தேன்.

முதலாவது, பெயர் வைத்துவிட்டால் மட்டும் குஞ்சு பிழைத்துவிடுமா? 'இப்போதுதான் பிறந்தது' என்று வாய்விட்டுச் சொல்லியே அந்தத் தென் இத்தாலியர் அதைத் தலைமுறை தலைமுறையாக உண்டார்கள் அல்லவா? உண்மைதான். அங்கே அந்த மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தியது பெயரல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். ஆனால் சட்டத்துக்கும் ஒரு பெயர் தேவை. கேரள அரசு 2015இல் 14 வகை மீன்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை அறிவித்தது. பின்னர் அந்தப் பட்டியல் விரிந்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர் என்று இனத்துக்கு இனம் அளவு வேறு. சாக்கு முழுவதையும் பொடிமீன் என்று சொல்கிற வரையில் அப்படி ஒரு சட்டத்தை எந்த அளவுகோலாலும் நிறைவேற்ற முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்தால் முதலில் தண்டிக்கப்படுவது ஒரு குற்றமும் அறியாத நெத்திலியாகத்தான் இருக்கும். தமிழகத்திலும் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டிருக்கிறது. இனப்பெருக்கத்துக்காக அத்தனை நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாட்களில் பிறந்தது பின்னர் எந்தச் சாக்குக்குள் போகிறது என்று கேட்க நமக்கு ஒரு சொல் வேண்டாமா?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பொடிமீன் ஏழையின் மீன். முள்ளோடு மென்று விழுங்கப்படுவதால் அதன் சுண்ணாம்புச் சத்தும் உடலில் சேர்கிறது. வஞ்சிரம் வாங்க வக்கில்லாத வீட்டில் அதுவே வாரத்துக்கு ஒரு நாள் குழம்பு. மாதச் சம்பளக்காரர் ஒருவர் அதையும் குற்றமாக்க வருகிறாரா என்று யாரேனும் கேட்டால் அதில் நியாயம் உண்டு. நான் அந்தச் சாக்கின் முன் நிற்கும் பெண்ணைக் குறை சொல்லவில்லை. கைப்பிடி அளவு வாங்கிக் குழம்பு வைப்பவளால் கடல் வற்றிவிடாது. அவளுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம், அதே செலவில் நெத்திலியும் காரலும் கூனியும் கிடைக்குமானால் அவை குஞ்சல்ல என்பதைத்தான். நெத்திலியைக் குஞ்சென்று மொழிபெயர்த்து அதன் மீது பழி சுமத்தினால், நல்ல மீனையும் அவள் தட்டிலிருந்து எடுத்துவிடுவோம். டன் கணக்கில் தூளாவதைப் பற்றிய கேள்வி அவளுக்கானதன்று.

மூன்றாவது, கடல் காணாத செவ்வாய்ப்பேட்டைக்காரன் மீனவருக்குச் சொல் கற்பிக்கலாமா? கூடாது. 'கடல்புரத்தில்', 'ஆழி சூழ் உலகு' போன்ற நாவல்களைப் படித்தவர்களுக்குக் கடற்கரையின் சொல்வளம் எத்தகையது என்று தெரியும். ஒவ்வொரு மீனின் இளம்பருவத்துக்கும் எங்கோ ஒரு கரையில் யாரோ ஒரு பெயர் வைத்திருக்கக்கூடும். அந்தப் பெயர்கள் ஏலக்கூடத்தைத் தாண்டி உள்நாட்டுக்கு வருவதில்லை என்பதே என் குறை. லாரியில் ஏறும்போதே பொடி என்றும் சங்காயம் என்றும் ஆகிவிடுகின்றன. உண்பவர்களாகிய எங்களுக்கு அந்தப் பெயர்கள் வந்து சேர வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாங்கள். சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர்களுக்கு என் பரிந்துரை எளியது. இந்திய மீன்வள அறிக்கையில் ஒயிட்பெயிட் என்று கண்டால் நெத்திலி என்று எழுதுங்கள். அங்கே அதுதான் பொருள். இங்கிலாந்தின் விடுதியிலோ நியூசிலாந்தின் ஆற்றங்கரையிலோ கண்டால் 'மீன்குஞ்சு வறுவல்' என்று எழுதுங்கள். காதுக்குச் சற்றுக் கரடாக இருக்கும். வாசகர் ஒரு கணம் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். உண்மையும் அந்த இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. கரடுமுரடான உண்மையை நெத்திலியின் வெள்ளிப்பட்டையால் மூடி அழகுபடுத்துவது மொழிபெயர்ப்பின் வேலையன்று.

ஒரு மாதம் கழித்து அந்த மாணவரை அழைத்தேன். "உங்கள் விடைதான் சரி. இலண்டன் விடுதியில் இருந்தது குஞ்சு. ஆனால் நெத்திலி குஞ்சல்ல; அது வளர்ந்தாலும் நெத்திலிதான்" என்று சொல்லி, அடித்திருந்ததைத் திருத்தி மதிப்பெண் போட்டேன். 'வெண்மீன்' என்பதில் வெண்மை வேண்டியதில்லை என்று அரை மதிப்பெண் குறைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "இதை எந்த அகராதியில் பார்த்தீர்கள் ஐயா?" என்றார். அம்மாவைச் சொன்னேன்.

கடற்கரை ஊர்களிலிருந்து படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்கராவின் குஞ்சுக்கு, வாளையின் குஞ்சுக்கு, பாறையின் குஞ்சுக்கு உங்கள் கரையில் தனிப்பெயர் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த முறை செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும்போது அந்தச் சாக்கின் முன் நின்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.